எப்படி வாசிக்கிறேன் என்று தன்னையே கேட்டவர்

இந்த எபிசோடில் ஒரு வாத்தியார் கதை. பேர் யானோஷ் ஸ்டார்க்கர். ஹங்கேரியில் பிறந்த செல்லோ கலைஞர். இருபதாம் நூற்றாண்டின் பெரிய செல்லோ கலைஞர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இவர் பேர் வந்துவிடும். ஆனால் என்னை இவர் பக்கம் இழுத்தது கச்சேரி இல்லைங்க. சின்ன வயதிலிருந்து தூக்கத்தில்கூட செய்யக்கூடிய ஒரு வேலை, 22 வயதில் திடீர்னு கைவிட்டுப் போனபோது அவர் என்ன செய்தார் என்பதுதான்.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவங்களுக்கு இந்த நிலைமை நல்லாத் தெரியும். ஒரு சிஸ்டம் பல வருஷமா ஓடிக்கிட்டு இருக்கும். எழுதினவர் எப்பவோ வேலையை விட்டுப் போயிருப்பார். ஓடுற வரைக்கும் யாரும் அதைத் தொடமாட்டாங்க. ஒருநாள் நின்றுபோகும்போதுதான், அது இத்தனை நாள் எப்படி ஓடியது என்பதே யாருக்கும் தெரியாதுன்னு தெரியவரும். ஸ்டார்க்கருக்கு நின்றுபோன சிஸ்டம், அவரோட சொந்தக் கைகள்.

கதைக்குள் போகும் முன் செல்லோ பற்றி இரண்டு நிமிஷம். வயலின் குடும்பத்தில் பெரிய அண்ணன் மாதிரி ஒரு வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, அடியில் இருக்கும் கம்பியைத் தரையில் ஊன்றி வாசிப்பார்கள். நாலு தந்தி. சினிமாவில் சோகமான காட்சிக்குப் பின்னால் கனமாக, மனிதக் குரல் போல ஒரு வில் வாத்தியம் ஒலித்தால் பெரும்பாலும் அது செல்லோதான்.

இதன் சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், அளவில். செல்லோவில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 69 செ.மீ. கிட்டாரில் இருப்பது போலக் கட்டைகள் கிடையாது. எந்தச் சுரம் எங்கே இருக்குன்னு விரல்தான் கண்டுபிடிக்கணும். கீழ் இடத்தில் ஒரு அரைச்சுரத்துக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 4 செ.மீ. இடைவெளி. அதே தந்தியில் ஒரு ஸ்தாயி மேலே போனால் அந்த இடைவெளி பாதியாகி 2 செ.மீ.க்கு வந்துவிடும். அதாவது மேலே போகப் போக ஒவ்வொரு இடத்திலும் விரல்களை வேறு வேறு அளவில் விரிக்க வேண்டும். வயலினில் நாலு விரலை வைத்தாலே ஓரளவு பரப்பு கைக்குள் வந்துவிடும். செல்லோவில் கை ஓயாமல் மேலும் கீழும் பயணம் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல், பின்னால் ஒளிந்திருக்கும் கட்டைவிரலே முன்னால் வந்து தந்தியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கணக்கை மனதில் வைச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

ஸ்டார்க்கர் பிறந்தது 1924 ஜூலை 5, புடாபெஸ்டில். யூதக் குடும்பம். அப்பா தையல்காரர். இரண்டு அண்ணன்கள், இருவரும் வயலின் வாசிப்பவர்கள். மூன்றாவது பையனுக்குச் செல்லோ கிடைத்தது. அந்த ஊரில் செல்லோ கற்பது என்பது ஒரு பரம்பரைக்குள் நுழைவது மாதிரி. ஃபிரான்ஸ் லிஸ்ட் அகாடமியில் 1886லிருந்து டேவிட் பாப்பர் என்று ஒரு மேதை பாடம் நடத்தினார். அவர் எழுதிய 40 பயிற்சிகள் கொண்ட தொகுப்பிலிருந்து இன்றைக்கும் உலகத்தில் எந்தச் செல்லோ மாணவரும் தப்ப முடியாது. பாப்பரின் மாணவர், பிறகு அவர் இடத்துக்கே வந்தவர் அடால்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் மாணவர் நம்ம ஸ்டார்க்கர்.

ஏழு வயதில் அகாடமிக்குள் போய்விட்டார். எட்டு வயதில், தன்னைவிடச் சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு வயதில் ஐந்து மாணவர்கள். நான் இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், அவர் பின்னால் ஆன எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்திருக்கணும் என்று தோன்றுது. வாசிப்பதும் வாசிப்பை விளக்குவதும் அவருக்கு ஒரே வயதில் தொடங்கின. பெரிய கலைஞர்கள் பலர் கச்சேரி வாழ்க்கை தளர்ந்த பிறகுதான் வாத்தியார் ஆவார்கள். இவர் பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே வாத்தியார்.

14 வயதில் ஒரு சம்பவம். துவோஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ வாசிக்க வேண்டிய கலைஞரால் வர முடியவில்லை. மூன்று மணி நேரத்துக்கு முன் இந்தப் பையனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். போனான், வாசித்தான். செல்லோ உலகத்தில் அந்தக் கான்செர்ட்டோ பெரிய மலை. அதை மூன்று மணி நேர நோட்டீஸில் ஏறினவனுக்கு, 'எப்படி ஏறினேன்' என்று கேட்டுக்கொள்ளத் தேவையே இருந்திருக்காது.

15 வயதில் இன்னொரு மலை. ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸொல்தான் கோடாய் 1915ல் எழுதிய, தனிச் செல்லோவுக்கான சொனாட்டா. துணைக்குப் பியானோகூடக் கிடையாது. கீழ் இரண்டு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு, அரை மணி நேரம் ஒரே ஆள் ஒரு முழு வாத்தியக்குழு போல ஒலிக்க வேண்டும். அதைக் கோடாய் முன்னாலேயே வாசித்துக் காட்டினான். முதல் பகுதி ரொம்ப வேகம் என்றாராம் கோடாய். இந்தச் சொனாட்டா பின்னால் திரும்ப வரும்.

அப்புறம் போர்.

இதை நான் நீட்டப் போறதில்லை, ஆனால் சுருக்கிவிட்டும் போக முடியாது. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் வந்தது. அந்த மே மாதத்திலிருந்து ஜூலைக்குள், இரண்டே மாதத்தில், ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு. ஸ்டார்க்கரின் அண்ணன்கள் இருவரும் கட்டாய உழைப்புப் படையில் சேர்க்கப்பட்டு, கடைசியில் கொல்லப்பட்டார்கள். வயதில் சின்னவராக இருந்ததால் இவர் அந்தப் படையிலிருந்து தப்பினார். ஆனாலும் டான்யூப் நதியில் புடாபெஸ்டை ஒட்டி இருக்கும் செபல் தீவில் மூன்று மாதம் முகாமில் அடைக்கப்பட்டார். மூன்று பிள்ளைகளும் தந்தி வாத்தியம் வாசித்த வீட்டில், போர் முடிந்தபோது வாசிக்க மிஞ்சியது ஒருவர்.

போர் முடிந்ததும் புடாபெஸ்ட் ஆப்பெராவிலும் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவிலும் முதன்மைச் செல்லோ கலைஞர் ஆனார். 1946ல் நாட்டை விட்டு வெளியேறி வியன்னா வந்தார். அங்கே கச்சேரி நன்றாகப் போனது. அந்த அக்டோபரில் ஜெனீவாவில் பெரிய சர்வதேசப் போட்டி. அதற்குத் தயாராவதற்காக வியன்னாவில் தங்கினார். எல்லாரும் எதிர்பார்ப்பது போலவே அவரும் எதிர்பார்த்துத்தான் போயிருப்பார்.

வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார்.

வெண்கலம் என்றால் நமக்கு ஒன்றும் மோசமாகத் தோன்றாது. வீட்டில் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பெருமைப்படுவோம். ஆனால் அவருக்குப் பிரச்சினை பதக்கத்தின் நிறம் இல்லை. தான் மோசமாக வாசித்தது அவருக்கே தெரிந்தது. ஏன் மோசமானது என்று மட்டும் தெரியவில்லை. அதைவிட முக்கியம், வியன்னாவில் ஏன் நன்றாக வந்தது என்பதும் தெரியவில்லை. பிற்காலத்தில் இதை அவர் ஒரு பறவையை வைத்து விளக்குவார்: பாடும் பறவைக்குத் தான் எப்படிப் பாடுகிறோம் என்று தெரியாது. குழந்தை மேதைகளும் அப்படித்தான். ஒருநாள் விழித்துக்கொண்டு, இதை எப்படிச் செய்கிறேன் என்று கேட்டுக்கொள்வார்கள். பதில் இருக்காது. அன்றைக்கு விழ ஆரம்பிப்பார்கள்.

எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாகப் படுது. இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்குப் பொதுவாக என்ன சொல்வோம்? 'மனசு சரியில்ல, கொஞ்சம் ரெஸ்ட் எடு, தானா வரும்.' இரண்டு அண்ணன்களை இழந்து, ஊரை விட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவருக்கு அது நியாயமான ஆறுதலும்கூட. அவரே அப்படி நம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஜெனீவாவிலிருந்து பாரிஸ் போய், கிட்டத்தட்ட ஒரு வருஷம் அங்கே உட்கார்ந்து, தன் வாசிப்பைத் தானே பிரித்துப் போட்டார். இடது கை இந்தச் சுரத்திலிருந்து அந்தச் சுரத்துக்கு எப்படிப் போகிறது? போவதற்கு முன் தோள் என்ன செய்கிறது? வில்லைத் திருப்பும் நொடியில் மூச்சு எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார்.

நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஆவணமே இல்லாத பழைய கோடை ஒருவர் வரிவரியாகப் படித்து ஆவணம் எழுதுவது. ஒரே வித்தியாசம், அந்தக் கோடை எழுதியவரும் அவர்தான், ஏழு வயதில்.

அந்தக் குறிப்புகள் வளர்ந்து 1961ல் ஒரு புத்தகமாக வெளியாயின. தந்தி வாத்தியம் வாசிப்பதற்கான ஒழுங்கமைந்த முறை, இதுதான் தலைப்பின் பொருள். தலைப்பிலேயே பாருங்க, செல்லோ என்று இல்லை. துணைத் தலைப்பில்தான் செல்லோவின் இடது கைப் பயிற்சிகள் என்று வரும். கொள்கை எல்லாத் தந்தி வாத்தியங்களுக்கும் ஒன்றுதான் என்பது அவர் நிலைப்பாடு.

புத்தகத்தைத் திறந்தால் அழகான மெட்டு ஒன்றும் கிடைக்காது. பாப்பரின் பயிற்சிகளில் கடினமான இடங்கள் இருந்தாலும் அது இசை, மேடையில்கூட வாசிக்கலாம். இவருடையது அப்படி இல்லை. கை ஒரு இடத்தில் உட்கார்ந்தால், நகராமல் அங்கிருந்து எந்தெந்தச் சுரங்களை எட்ட முடியும்? நாலு தந்திகளிலும் எந்த விரல் ஜோடி என்ன இடைவெளி தரும்? அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் இந்தப் படம் எப்படி மாறும்? விரல்பலகை முழுக்க இப்படி ஒரு வரைபடம் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். முதலில் சொன்னேனே, கீழே 4 செ.மீ., மேலே 2 செ.மீ. என்று, அந்த அளவு மாற்றத்தைக் கை உணர்வுபூர்வமாக இல்லாமல் திட்டவட்டமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். மெட்டு இருந்தால் காது நம்மை ஏமாற்றிவிடும், தப்பாகப் போனாலும் பாட்டின் வேகத்தில் சமாளித்துவிடுவோம். மெட்டை எடுத்துவிட்டால் சமாளிக்க எதுவும் இல்லை. போரடிக்கும்தான். டெஸ்ட் கேஸ் எழுதுவதும் போரடிக்கும்.

நடுவில் வாழ்க்கை ஓடியது. 1948ல் பாரிஸில் அவர் பதிவு செய்த அந்தக் கோடாய் சொனாட்டாவுக்கு பிரான்ஸின் பெரிய இசைத்தட்டுப் பரிசு கிடைத்தது. விழுந்து இரண்டே வருஷம்! அதே வருஷம் அமெரிக்கா போனார். டல்லாஸ் வாத்தியக்குழுவில் அன்டால் டோராட்டியின் கீழ் முதன்மைச் செல்லோ. அடுத்த வருஷம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா, ஃபிரிட்ஸ் ரைனரின் கீழ். ரைனர் 1953ல் சிகாகோ வாத்தியக்குழுவுக்குப் போனபோது இவரும் கூடவே போனார். டோராட்டி, ரைனர் இருவருமே ஹங்கேரிக்காரர்கள் என்பதைக் கவனிங்க. ஊரை விட்டு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள்.

பத்து வருஷம் வாத்தியக்குழு வாழ்க்கை. தனியாக மேடையை நிரப்பக்கூடிய ஒருவர், பாடகர்களுக்குப் பின்னால் குழிக்குள் உட்கார்ந்து துணை வாசித்தார். இதை நிறையப் பேர் வீணான காலம் என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோணலை. பின்னால் தன்னிடம் வரப்போகும் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கே போய் உட்காரப் போகிறார்களோ, அந்த நாற்காலியில் அவர் பத்து வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

1958ல் அவர் எடுத்த முடிவுதான் இந்த எபிசோடின் மையம். சிகாகோவை விட்டு ப்ளூமிங்டன் என்ற சின்ன ஊருக்குப் போனார். இண்டியானா மாநிலம். சுற்றிலும் சோள வயல், சுண்ணாம்புக்கல் குவாரி. அங்கே இருந்த இண்டியானா பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியை வில்ஃப்ரட் பெய்ன் என்ற முதல்வர், உலகத் தரத்துக்குக் கொண்டுபோயே தீருவது என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். பியானோ கலைஞர் மெனாஹெம் பிரெஸ்லர் 1955லேயே வந்திருந்தார். 1960ல் வயலின் கலைஞர் ஜோசஃப் கிங்கோல்ட் வந்தார். பிறகு ஸ்டார்க்கரின் நெடுநாள் நண்பரான ஹங்கேரியப் பியானோ கலைஞர் ஷெபோக் வந்தார். ஐரோப்பாவின் நெருப்பில் சிதறிய ஒரு இசை உலகத்தின் துண்டுகள் அமெரிக்காவின் சோள வயல் நடுவே வந்து சேர்ந்தன.

ஸ்டார்க்கர் அங்கே 55 வருஷம் இருந்தார். சாகும்வரை.

இதில் ஒரு தப்பான எண்ணம் வரக்கூடாது. அவர் மேடையை விட்டுவிட்டு வகுப்பறைக்குள் ஒதுங்கவில்லை. உண்மையில் அவர் தனிக் கலைஞராக உலகம் சுற்றியது ப்ளூமிங்டன் போன பிறகுதான். ஒரு காலத்தில் வருஷத்துக்கு நூறு கச்சேரிக்கு மேல். இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று நடக்காது என்பது அவர் வாதம். வாசிக்காமல் கற்பிக்க முடியாது, கற்பிக்காமல் வாசிக்க முடியாது. என்ன செய்கிறோம் என்று இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் நாம் உண்மையில் என்ன செய்கிறோம் என்று நமக்கே தெரியவருகிறது என்பார். ஜெனீவாவுக்குப் பிறகு அவர் தனக்குத் தானே சொன்ன பாடத்தை இப்போ தினமும் யாராவது ஒரு இருபது வயதுக்காரரிடம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, என்னதான் சொல்லிக்கொடுத்தார்?

முதலில், இறுக்கம். ஒரு சுரம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் விரல் காரணமில்லை, உடம்பில் எங்கேயோ ஒரு இடம் இறுகிப் பிடித்திருக்கும். தோள், தாடை, கட்டைவிரல், எங்கேயும் இருக்கலாம். வலு முதுகிலிருந்து தோள் வழியாக, முழங்கை வழியாக, தடையில்லாமல் வில்லுக்கும் விரலுக்கும் வந்து சேர வேண்டும். அதற்கு மூச்சு ஒழுங்காகப் போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கஷ்டமான இடத்தைத் தாண்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, இல்லையா? பரீட்சையில் கடைசிக் கேள்வி எழுதும்போது நாம் எல்லாரும் அதைத்தான் செய்தோம். அந்தப் பழக்கத்தை அவர் பிடித்துவிடுவார்.

அடுத்தது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம்: முன்கூட்டியே தொடங்குதல். கேட்பவருக்கு அடுத்த சுரம் தொடங்கும் நொடி ஒன்று. வாசிப்பவரின் உடம்புக்கு அது தொடங்கும் நொடி வேறு, கொஞ்சம் முன்னாலேயே. கை கீழிருந்து மேலே தாவ வேண்டும் என்றால், தாவும் நேரம் வந்த பிறகு கிளம்பினால் தாமதம், தாமதத்தை ஈடுகட்ட அவசரம், அவசரத்தில் இறுக்கம், இறுக்கத்தில் சுரம் பிசகு. முந்தைய சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை பயணத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். பிராசஸர் அடுத்த கட்டளையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது உங்களில் பலருக்கு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் பேட்டிங் இன்னும் பொருத்தமான உதாரணம் என்று நினைக்கிறேன்: பந்து வந்து சேர்ந்த பிறகு மட்டையைத் தூக்குகிறவர் ஆட்டமிழந்துவிடுவார். நிதானமாக ஆடுவது போலத் தெரிபவர் சீக்கிரமாகத் தயாரானவர்.

மூன்றாவது, முகம். ஸ்டார்க்கரின் பழைய வீடியோக்களைப் பார்த்தால் தெரியும். வழுக்கைத் தலை, ஆழமான கண், அசையாத முகம். விரல்கள் என்னென்னவோ செய்துகொண்டிருக்கும், முகம் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருக்கும். கலைஞன் தான் கிளர்ச்சியடையக் கூடாது, கேட்பவரிடம் கிளர்ச்சியை உண்டாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நீ கண்ணை மூடித் தலையை ஆட்டினால் அது உனக்குச் சுகம். கேட்பவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

இந்தக் கொள்கைக்காக அவர் நிறையத் திட்டு வாங்கினார். குளிர்ச்சியான வாசிப்பு, உணர்ச்சி இல்லாத துல்லியம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அதே காலத்தில் உலகத்தையே கட்டிப்போட்டிருந்தவர் ரஷ்யாவின் ரோஸ்ட்ரோபோவிச். அவர் முழுக்க எதிர்த்துருவம். மேடையில் எரிமலை. மாஸ்கோவில் பாடம் நடத்தும்போது செல்லோவைத் தொடாமல் பியானோவில் உட்கார்ந்துகொண்டு, படிமங்களாலும் கதைகளாலும் மாணவரின் கற்பனையைக் கிளப்பிவிடுவார். 'எப்படி' என்ற கேள்விக்கு அங்கே பெரிய இடமில்லை. 'என்ன சொல்ல வருகிறாய்' என்பதே கேள்வி.

இந்த இரண்டில் எது சரி என்று கேட்டால், ஒரு இன்ஜினியராக நான் யார் பக்கம் சாய்வேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆனால் ரோஸ்ட்ரோபோவிச் முறையில் பெரிய உண்மை இருக்கிறது. சொல்ல எதுவும் இல்லாதவருக்கு எவ்வளவு ஒழுங்கான கை இருந்தும் பயனில்லை. என் சந்தேகம் ஒன்றுதான்: அந்த முறை ஏற்கெனவே பறக்கத் தெரிந்த பறவைகளுக்கானது. மாஸ்கோவில் அவர் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் பல சல்லடைகளைத் தாண்டி வந்தவர்கள். கை ஒத்துழைக்காத மாணவரிடம் போய், கடலை நினைத்துக்கொண்டு வாசி என்றால் அவர் கடலை நினைத்துக்கொண்டே தப்பாக வாசிப்பார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாரிஸில் ரோஸ்ட்ரோபோவிச் பெயரிலேயே ஒரு சர்வதேசச் செல்லோ போட்டி நடந்தது. 1981ல் அதில் பெரிய பரிசு வாங்கியவர் ஜெர்மனியின் மரியா க்ளீகல். 1986ல் வாங்கியவர் கேரி ஹாஃப்மன். இருவருமே ப்ளூமிங்டனில் ஸ்டார்க்கரிடம் படித்தவர்கள். முறையாகக் கற்றால் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போல வாசிப்பார்கள் என்ற பயத்துக்கு, இந்த இருவரின் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பதே பதில். க்ளீகல் வேறு, ஹாஃப்மன் வேறு.

வகுப்பறையில் அவர் இனிமையானவர் என்று யாரும் சொன்னதில்லை. மற்ற மாணவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் வாசிப்பார். இவர் கையில் சிகரெட்டோடு கேட்பார். (ஒருமுறை மேடைக்குப் பின்னால் புகைபிடிக்க விடவில்லை என்று சவுத் கரோலினாவில் ஒரு கச்சேரியையே விட்டுப் போனவர். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை.) வாசித்து முடித்ததும் வார்த்தைகளை மெல்லாமல் சொல்வார். பலர் அழுதிருக்கிறார்கள். இந்தக் காலத்துக் கண்ணால் பார்த்தால் இதில் கொஞ்சம் கடுமை அதிகம்தான். ஆனால் திட்டு முடிந்ததும் கையில் ஏதாவது ஒன்று மிஞ்சும்: எந்த இடம், என்ன காரணம், நாளைக்கு என்ன செய்ய வேண்டும். 'உனக்குத் திறமை இல்லை' என்று ஒருவரை அனுப்பிவிடுவதுதான் வாத்தியார்கள் செய்யும் ஆகப் பெரிய கொடுமை. ஏன்னா, அதில் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்காது.

அவருக்கு வாத்தியம் என்ற பொருளின் மேலேயே சந்தேகம் உண்டு. தந்திகளைத் தாங்கிப் பிடிக்கும் குதிரை இருக்கிறது இல்லையா, அந்த மரத்துண்டில் கூம்பு வடிவ ஓட்டைகள் போட்டால் ஒலி நன்றாகப் பரவுகிறது என்று ஒரு வடிவமைப்பையே உருவாக்கினார். ஸ்டார்க்கர் குதிரை என்றே அதற்குப் பேர். முந்நூறு வருஷமாக யாரும் கேள்வி கேட்காத ஒரு பாகத்தில் டிரில் போடும் துணிச்சல்!

ஒரு விஷயத்தை இவ்வளவு நேரம் நான் சொல்லாமல் இருந்தேன். அவர் தன் வேலையின் வெற்றியை எதை வைத்து அளந்தார்? நட்சத்திரங்களை உருவாக்குவதை வைத்து அல்ல. வருஷத்துக்கு உலகத்தில் எத்தனை தனிக் கலைஞர்களுக்குத்தான் இடம் இருக்கும்? மீதிப் பேர் வாத்தியக்குழுக்களிலும் பள்ளிகளிலும்தான் போய்ச் சேர்வார்கள். அந்த மீதிப் பேரின் தரம் உயர்ந்தால்தான் இசையின் தரம் உயரும் என்று நினைத்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர், சின்ன ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர், இவர்களுக்கும் தங்கள் கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஏன்னா அவர்கள் கையிலிருந்துதான் அடுத்த தலைமுறை கற்கப்போகிறது. 1979ல் ப்ளூமிங்டனில், மறைந்த செல்லோ கலைஞர் ஈவா யான்ட்ஸர் நினைவாக ஒரு செல்லோ மையத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் மூத்த செல்லோ கலைஞர்களையும் வாத்தியார்களையும் அழைத்துக் கௌரவிப்பது அதன் வேலைகளில் ஒன்று. வாத்தியார்களுக்கு மாலை போடும் மேடைகள் உலகத்தில் குறைவு.

ஜப்பானின் ட்ஸுயோஷி ட்ஸுட்ஸுமி கதை இதற்கு நல்ல உதாரணம். டோக்கியோவில் ஹிடேயோ சைட்டோ என்ற பெரிய ஆசிரியரிடம் படித்துவிட்டு, 1960களின் தொடக்கத்தில் ப்ளூமிங்டன் வந்தார். 1963ல் புடாபெஸ்டில் நடந்த கசால்ஸ் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். வாத்தியார் அகதியாக விட்டுவந்த ஊரில் மாணவர் பரிசு வாங்குகிறார், யோசிச்சுப் பாருங்க. பிறகு 1988ல் அதே ப்ளூமிங்டனுக்குப் பேராசிரியராகத் திரும்பி வந்து, தன் வாத்தியாரோடு அதே பள்ளியில் பல வருஷம் பாடம் நடத்தினார். பின்னால் டோக்கியோவில் தான் படித்த தோஹோ இசைப் பள்ளிக்கே தலைவரானார்.

ஸ்டார்க்கர் பாக்கின் ஆறு செல்லோ சூட்டுகளையும் வாழ்நாளில் ஐந்து முறை பதிவு செய்தார். ஐந்தாவது பதிவு 1990களில். அதற்கு 1998ல் கிராமி கிடைத்தது. அப்போ அவருக்கு 73 வயது. கோடாய் விஷயமும் முடியவில்லை. 1967ல், இறப்பதற்குக் கொஞ்சம் முன் கோடாய் மறுபடியும் அந்தச் சொனாட்டாவை இவர் வாசிக்கக் கேட்டதாகவும், மூன்றாம் பகுதியில் வேகத்தைத் தளர்த்தும் ஓரிடத்தைச் சரிசெய்துவிட்டால் இதுவே இந்த இசைக்கு வேதம் என்று சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. 15 வயதில் முதல் பகுதியில் திருத்தம், 42 வயதில் மூன்றாம் பகுதியில் திருத்தம்.

2013 ஏப்ரல் 28ல் ப்ளூமிங்டனில் காலமானார். வயது 88.

இவரைக் கேட்கத் தொடங்க எங்கே போவது என்று நிறையப் பேர் கேட்பீங்க. 1950 வாக்கில் அமெரிக்காவில் அவர் பதிவு செய்த கோடாய் சொனாட்டாவிலிருந்து தொடங்குங்க. ஒலிப்பதிவு செய்தவர் பீட்டர் பார்ட்டோக், இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கின் மகன். பழைய மோனோ பதிவுதான், ஆனாலும் வில் தந்தியைப் பிடிக்கும் சத்தம் உங்க அறைக்குள்ளேயே கேட்கும். பஸ்ஸில் வேண்டாம், நல்ல ஹெட்ஃபோன் போட்டு, ராத்திரியில். கை மேலே தாவும் இடங்களில் அவசரம் ஏதாவது கேட்கிறதா என்று பாருங்க. அதன் பிறகு 1960களில் மெர்க்குரிக்காகப் பதிவு செய்த பாக் சூட்டுகளுக்குப் போகலாம். குளிர்ச்சியா, சூடா என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.